பதினெட்டுச் சுற்று எங்கே போச்சு?

அன்று காலை பள்ளிக்கூட வாசலில் ஆஜரானவர்கள்: டெபுடி இன்ஸ்பெக்டர், அவருடைய கறுப்புக் குடை, வண்டிக்காரர் கன்னியப்பன், அவருடைய இரண்டு மாடுகள், என்னிடம் படித்த முப்பத்தொரு பிள்ளைகளில் இருபத்தொன்பது பேர், நான்.

ஆஜராகாதவர்கள்: ஐந்தாம் வகுப்பு நாகம்மா, இரண்டாம் வகுப்பில் இருந்த அவள் தம்பி. அவர்கள் வீட்டுக் களத்தில் அன்றிலிருந்து நாலு நாளைக்கு நெல் அளக்கிறார்கள் என்று முந்தின நாளே சொல்லிவிட்டாள். என் நைனாவும் வரவில்லை; அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். "கண்டிப்பா வரேண்டா" என்று சொன்ன மனிதர், விடிவதற்குள் கத்தியை எடுத்துக்கொண்டு கரும்பு வெட்டப் போய்விட்டார்.

வருகைப் பதிவேடு எழுதிப் பழகிய கை இப்படித்தான் ஆரம்பிக்கும். ஆனால் அன்றைக்கு நாகம்மா மட்டும் வந்திருந்தால், இந்த வாரம் எழுதுவதற்கு என்னிடம் ஒன்றுமே இருந்திருக்காது.

வண்டியின் இடது சக்கரத்தில், இரும்புப் பட்டைக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டியிருந்தோம். துணி தரையைத் தொட்டால் ஒரு சுற்று. எங்கள் பள்ளிக்கூட வாசலிலிருந்து பக்கத்து ஊரான ராளபாட்டின் பள்ளிக்கூட வாசல் வரைக்கும் எத்தனை சுற்று என்று எண்ண வேண்டும். சுற்றை அடியாக்கி, அடியை மைலாக்க வேண்டும்.

ஒரு மைலுக்கு மேலே வந்தால் எங்கள் பள்ளிக்கூடம் இருக்கும். கீழே வந்தால் மூடிவிடுவார்கள். அவ்வளவுதான் விஷயம்.

ஏரிக்குள் நடந்தவர்

எங்கள் ஊர் வேப்பங்குப்பம். புத்தூருக்கும் நகரிக்கும் நடுவே, பஸ் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு ஏரியின் இந்தக் கரையில் இருக்கிறது. அந்தக் கரையில் ராளபாடு. இங்கே தமிழ்ப் பள்ளிக்கூடம், அங்கே தெலுங்குப் பள்ளிக்கூடம். இங்கே ஒரே வாத்தியார், அது நான். அப்போது எனக்கு வயது இருபத்திரண்டு. வேலையும் டெம்பரரி.

ஆந்திர ராஜ்யம் தனியாகப் பிரிந்து, எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்று பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் பக்கம் வருகிற ஒவ்வொருவர் கையிலும் ஒரு நோட்டு இருக்கும். வீடு வீடாக நின்று, "உங்க வூட்ல இன்னா பாஷை பேசறீங்க?" என்பார்கள். நான்காம் வகுப்பு ஏழுமலையின் வீட்டில் அம்மா தெலுங்கு, அப்பா தமிழ். அவன் யோசிக்காமல் பதில் சொன்னான்: "சோறு துன்னும்போது தமிழு. சண்டை போடும்போது தெலுங்கு." கேட்டவர் எதை எழுதிக்கொண்டு போனாரோ தெரியாது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு காகிதம் வந்தது. ஒரு மைலுக்குள் இரண்டு பள்ளிகள் தேவையில்லை, வேப்பங்குப்பம் பள்ளி ராளபாட்டிலிருந்து ஆறு பர்லாங்கு, அதாவது முக்கால் மைல்தான், ஆகவே இதை அதோடு சேர்க்கலாம் என்று. யாரோ ஒருவர் கோடைக்காலத்தில், காய்ந்து கிடந்த ஏரிக்குள்ளேயே நேராக நடந்து அளந்துவிட்டுப் போயிருக்கிறார். மழைக்காலத்தில் அந்த வழியில் போக வேண்டுமானால் பிள்ளைகளுக்குச் செதில் முளைக்க வேண்டும்.

சேதி ஊருக்குள் பரவியதும் நாகம்மாவின் அம்மா பள்ளிக்கூடத்துக்கே வந்தாள்.

"ஐவாரே, பள்ளிக்கூடம் அங்க போச்சுன்னா எம்பொண்ணு நின்னுக்குவா. ஏரிக்கரை மேல பொட்டப்புள்ளைய தனியா அனுப்பிகினு நான் வவுத்துல நெருப்பைக் கட்டிக்கணுமா?"

எங்கள் பக்கம் வாத்தியாரை ஐவாரு என்றுதான் சொல்வார்கள். அவள் போன பிறகு பதிவேட்டைத் திறந்து எண்ணிப் பார்த்தேன். முப்பத்தொன்றில் பெண்பிள்ளைகள் பன்னிரண்டு பேர். பன்னிரண்டு பேரும் நின்றுவிடுவார்கள். அங்கே பாடம் தெலுங்கில் என்பதால் பையன்களிலும் பாதிப் பேர் மாடு மேய்க்கப் போய்விடுவார்கள்.

புத்தூருக்குப் போய் டெபுடி இன்ஸ்பெக்டரைப் பார்த்தேன். தெலுங்குக்காரர், நியாயஸ்தர். "சரே. எல்லாக் காலத்திலயும் ஜனம் நடக்கிற தோவலே அளக்கலாம். நானே வஸ்தானு" என்றார். ஜனம் நடக்கிற வழியிலேயே அளக்கலாம், தானே வருகிறேன் என்று அர்த்தம். ஏரிக்கரை வழியாகப் போனால் ஒரு மைலுக்கு மேலே வரும் என்பது எனக்கு அப்போதே தெரியும். எப்படித் தெரியும் என்றால், என் பிள்ளைகள் அதை ஏற்கெனவே அளந்திருந்தார்கள்.

மூணும் கொசுறும்

இதற்கு நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

திருப்பதியில் நான் டிரெயினிங் படித்தபோது, வட்டத்தின் சுற்றளவு என்றால் விட்டத்தை இருபத்திரண்டால் பெருக்கி ஏழால் வகுக்க வேண்டும் என்று போர்டில் எழுதிப் போட்டார்கள். "ஏன் சார் இருபத்திரண்டு?" என்று எழுந்து கேட்டேன். "ஏழால் வகுப்பதற்காக" என்று பதில் வந்தது. உட்கார்ந்துவிட்டேன்.

ஆனால் அரிப்பு நிற்கவில்லை. அறையில் கூட இருந்தவன் மலைக்குப் போய் மொட்டை அடித்துக்கொண்டு வந்தபோது அவன் தலையைச் சுற்றி நூல் போட்டு அளந்தேன். அவன் கொண்டுவந்த லட்டுக்கும் நூல் சுற்றினேன். குறுக்களவை எடுப்பதற்குள் அவன் அதைத் தின்றுவிட்டான்.

வேப்பங்குப்பத்துக்கு வந்ததும் மிச்சத்தை முடித்துக்கொண்டேன். ஒருநாள் பிள்ளைகளிடம், "வீட்டிலே வட்டமா எது இருந்தாலும் கொண்டு வாங்க" என்றேன். வளையல், சொம்பு, வாணலி, முறுக்கு, சல்லடை எல்லாம் வந்தன. ஒருவன் உரலை உருட்டிக்கொண்டு வந்தான். அவனுக்குப் பின்னாலேயே அவன் அம்மா துடைப்பத்தோடு வந்தாள்.

ஒவ்வொன்றையும் நூலால் சுற்றி, அந்த நூலைக் குறுக்களவால் மடித்துப் பார்க்கச் சொன்னேன். பெருக்கல் கிடையாது, வகுத்தல் கிடையாது. மடிப்பு மட்டும்தான்.

"சார், மூணு மடிப்பு வருது. கொஞ்சம் மீறுது."

"எனக்கும் மூணுதான் சார்!"

"டேய், உன்து வளையலு, என்து வாணலி. எப்பிடிடா ரெண்டுக்கும் மூணு?"

அந்த மீறுகிற துண்டுக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. நாகம்மாதான் வைத்தாள். சந்தையில் கத்தரிக்காய் வாங்கினால் மேலே இரண்டு போடுவார்களே, கொசுறு என்று. "வட்டமும் கொசுறு போடுது சார்" என்றாள். அன்றிலிருந்து எங்கள் பள்ளிக்கூடத்தில் வட்டத்தின் சூத்திரம் 'மூணும் கொசுறும்'. இருபத்திரண்டையும் ஏழையும் அப்புறம் நிதானமாகச் சொல்லிக்கொடுத்தேன்.

அதன் பிறகு பிள்ளைகள் ஊரில் எதையும் விட்டுவைக்கவில்லை. கிணற்று வாய்க்குக் குறுக்கே கயிறு பிடித்தார்கள். கன்னியப்பன் மரத்தடியில் தூங்கிக்கொண்டிருந்தபோது அவருடைய வயிற்றையும் அளந்துவிட்டு மூச்சிரைக்க ஓடிவந்தார்கள்.

"சார், கன்னியப்ப மாமாவுக்கு மூணுகூட வரல சார்! ரெண்டரைதான் வருது!"

"ஏன்?"

ஏழுமலை சொன்னான்: "மாமா வட்டமில்ல சார். தட்டையா கீறாரு."

வட்டமில்லாததற்கு மூணும் கொசுறும் பொருந்தாது என்று நான் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. கன்னியப்பன் கற்றுக்கொடுத்துவிட்டார்.

அவருடைய வண்டிச் சக்கரத்துக்கும் நூல் போட்டோம். குறுக்கே ஐந்தடியும் அரைக்கால் அங்குலமும். சுற்றிலும் பதினைந்தே முக்கால் அடி. "அப்படின்னா சக்கரம் ஒருதரம் சுத்துனா வண்டி எவ்ளோ தூரம் போகும்?" என்று ஆரம்பித்த கேள்வி, "ராளபாடு வரிக்கும் எத்தினி சுத்து சார்?" என்று வந்து நின்றது. ஒரு சனிக்கிழமை வண்டியோடு கிளம்பினோம். யாரும் கத்தவில்லை. நாகம்மா சிவப்புத் துணியையே பார்த்துக்கொண்டு நடந்தாள். துணி தரையைத் தொடத் தொட ஒவ்வொரு புளியங்கொட்டையாகப் பையில் போட்டாள். எண்ணினால் முந்நூற்றைம்பது. பெருக்கினால் ஐயாயிரத்து ஐந்நூற்றுப் பன்னிரண்டரை அடி. மைலுக்கு ஐயாயிரத்து இருநூற்றெண்பதுதானே. இருநூற்று முப்பத்திரண்டரை அடி அதிகம்.

மூடச் சொல்லும் காகிதம் வந்தது இதற்குப் பத்து நாள் கழித்து. எனக்கு அப்போது பயமே வரவில்லை. பதில் என் பையில் கொட்டையாக இருந்தது.

நம்பர் சொன்னால் கொட்டை

இப்போது வாசலுக்குத் திரும்புவோம். வண்டி நிற்கிறது. இன்ஸ்பெக்டர் ஏறி உட்கார்ந்து குடையை விரித்துவிட்டார்.

பார்த்துப் பார்த்துக் கொட்டை போடுவது பிள்ளை விளையாட்டாகத் தெரியுமோ என்று எனக்குக் கூச்சம். அதிகாரி முன்னால் ஒரு ஒழுங்கு வேண்டும் என்று, ஒருவர் சொல்வது, ஒருவர் போடுவது என்று வேலையைப் பிரித்தேன். சொல்வதற்குக் கன்னியப்பன். அவர் சும்மா வண்டிக்காரர் இல்லை. அறுப்புக் காலத்தில் களம் களமாகப் போய் நெல் அளந்து, எண்ணிக்கையைக் கூவுகிறவர். இருபது இருபதாகக் கூவுவார். அவர் குரல் ஏரி தாண்டிக் கேட்கும். கொட்டை போட நாகம்மா இல்லாததால் ஏழுமலை.

கன்னியப்பன் மாட்டைத் திட்டாமல் பத்தடி நடக்க மாட்டார். அதனால் ஏழுமலைக்குத் தெளிவாகச் சொன்னேன்: "காதிலே நம்பர் விழுந்தா ஒரு கொட்டை. வேற எந்தச் சத்தத்துக்கும் போடக் கூடாது. புரியுதா?"

"புரியுது சார்."

வண்டி நகர்ந்தது. சிவப்புத் துணி சுற்றி வந்து மண்ணைத் தொட்டது.

"லாபம்!" என்று கூவினார் கன்னியப்பன்.

ஏழுமலை விரலிடுக்கில் கொட்டையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். "சார், இதுக்குப் போடலாமா?"

"லாபம்னா நம்பரா? நல்ல வார்த்தை சொல்லித் தொடங்குறாரு. நம்பர் வரட்டும்."

அதற்குள் வண்டி மேலிருந்து இன்ஸ்பெக்டர் கூப்பிட்டார். முன்னால் ஓடினேன். ராளபாடு போய்ச் சேரும் வரை அவர் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தார், தெலுங்கில். எனக்குத் தெலுங்கில் பேச வரும். அதிகாரிக்குப் பதில் சொல்ல வராது. எந்த வகுப்பில் எத்தனை பேர், சிலேட்டு இல்லாதவர் எத்தனை, கூரை ஒழுகுகிறதா என்று ஒவ்வொன்றுக்கும் வேர்த்துக்கொண்டே பதில் சொன்னேன். என் காதுகள் இரண்டும் அவரிடம் இருந்தன. பின்னால் கன்னியப்பனின் குரல் ஏறி இறங்குவது மட்டும் இனிமையாகக் கேட்டது.

ராளபாடு பள்ளி வாசலில் பையைக் கொட்டினோம். பிள்ளைகள் பத்துப் பத்தாகக் கூறு வைத்தார்கள். முந்நூற்று முப்பத்திரண்டு.

மறுபடி எண்ணச் சொன்னேன். முந்நூற்று முப்பத்திரண்டு.

குச்சியால் மண்ணில் பெருக்கினார்கள். இன்ஸ்பெக்டர் தன் நோட்டில் பெருக்கினார். அவர் முடிப்பதற்குள் நான்காம் வகுப்பு முடித்துவிட்டது: "ஐயாயிரத்து இருநூத்து இருபத்தொம்போது அடி சார்!" அவர் நோட்டைத் திருப்பிக் காட்டினார். அதே விடை. பிள்ளைகள் குதித்துக் கைதட்டினார்கள். தங்கள் பள்ளிக்கூடத்தை மூடுகிற கணக்கை அவ்வளவு சரியாகப் போட்டிருந்தார்கள்.

"யாபை ஒக்க அடி தக்குவ" என்றார் இன்ஸ்பெக்டர். மைலுக்கு ஐம்பத்தோரு அடி குறைவு. அவர் முகத்திலும் சந்தோஷம் இல்லை.

"சார், முன்னே ஒருதரம் அளந்தோம். முந்நூற்றைம்பது வந்தது..."

"அது நான் சூடலேதய்யா. இது என் கண்ணாலயே சூசினேன். கையெழுத்துப் போடு."

போட்டேன்.

சுருங்கிப்போன ரோடு

மறுநாள் காலை முந்நூற்றைம்பது, முந்நூற்று முப்பத்திரண்டு என்று இரண்டு எண்களையும் போர்டில் எழுதினேன். "பதினெட்டு சுத்தைக் காணோம். எங்கே போச்சு? ஆர்டர் வர பதினஞ்சு நாள் இருக்கு. கண்டுபிடிச்சா பள்ளிக்கூடம்" என்றேன்.

முதல் சந்தேகம் ரோட்டின் மேல் விழுந்தது. "மழை பேஞ்சி ரோடு சுருங்கிப்பூட்டிருக்கும் சார்" என்றான் ஒருவன். ரோடு சுருங்கினால் ராளபாடு நம் பக்கம் நகர்ந்து வந்திருக்க வேண்டுமே என்று இன்னொருவன் கேட்டான். எல்லோரும் ஏரிக்கரைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். ராளபாடு அங்கேயேதான் இருந்தது.

"இன்ஸ்பெக்டரைப் பாத்து மாடு பயந்துகினு எட்டி எட்டி நடந்திருக்கும் சார்."

"நாம இன்னா மாட்டுக் காலையா எண்ணுனோம்? சக்கரத்தைத்தானடா எண்ணுனோம்."

இந்தப் பதிலைச் சொன்னவள் மூன்றாம் வகுப்பு. நான் சந்தோஷப்படக்கூட நேரமில்லை. அடுத்த சந்தேகம் சக்கரம் வளர்ந்துவிட்டதோ என்று. நூல் போட்டோம். அதே பதினைந்தே முக்கால்.

கடைசியில் இன்ஸ்பெக்டரின் எடை மேல் சந்தேகம் வந்தது. கனத்தில் சக்கரம் மண்ணில் அழுந்தியிருந்தால்? அதைச் சோதிக்க ஒரு இன்ஸ்பெக்டர் தேவைப்பட்டார். கன்னியப்பனை வண்டியில் உட்கார வைத்தோம்.

"போதுமா சார்?"

"இன்ஸ்பெக்டர் இன்னும் கனம்டா. ரெண்டு பேர் ஏறுங்க."

"ஐவாரே, இன்னும் ஒரு புள்ள ஏறுனா நான் கலெக்டர் ஆயிடுவேன்" என்றார் கன்னியப்பன்.

பத்துச் சுற்று ஓட்டிக் கயிற்றால் அளந்தோம். இன்ஸ்பெக்டர் இருந்தாலும் இறங்கினாலும் அதே நீளம்தான். எல்லாச் சந்தேகமும் தீர்ந்தது. பதினெட்டு மட்டும் கிடைக்கவில்லை. மூன்று நாள் போய்விட்டது.

நாலாம் நாள் நாகம்மா வந்தாள், தலைமுடியில் வைக்கோல் துரும்போடு. மணி அடித்ததும் மற்றப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு வாசல் மணலில் உட்கார்ந்தாள். சாயங்காலங்களில் கன்னியப்பன் அவர்கள் களத்தில் அளந்ததைப் பார்த்து, அதையே இங்கே விளையாடுகிறாள். கொட்டாங்கச்சிதான் மரக்கால். மணலை மொண்டு மொண்டு கொட்டி, கன்னியப்பன் குரலிலேயே கூவினாள்.

"லாபம்... ரெண்டு... மூணு..."

நான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். சொம்பைக் கீழே வைத்தேன்.

"நாகம்மா, ஒண்ணு எங்கே?"

"எந்த ஒண்ணு சார்?"

"ரெண்டுக்கு முன்னாடி வர ஒண்ணு."

அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! சோற்றை எந்த வாயால் தின்பது என்று கேட்டவனைப் பார்ப்பது போல. "அதான் லாபம்னு சொன்னேனே சார். மொத மரக்காலுக்கு ஒண்ணுன்னு சொல்ல மாட்டாங்க. லாபம்னுதான் சொல்வாங்க. அப்பால ரெண்டு."

ஏழுமலையைக் கூப்பிட்டேன். "டேய், அன்னிக்கு ஒண்ணு வந்துதா?"

"வரவேயில்ல சார். லாபம், ரெண்டுன்னுதான் வந்துது. நீங்க நம்பருக்குப் போடுன்னீங்க. ரெண்டு நம்பர் ஆச்சே, போட்டேன். இருவது ஆனதும் மறுபடியும் லாபம்னாரு. அதுக்குப் போடல." பிறகு மெதுவாகச் சேர்த்தான்: "நான்தான் அன்னிக்கே கேட்டேனே சார்."

கேட்டான். பிள்ளைகள் கேட்க வேண்டும், கேட்டுக் கேட்டுத்தான் கணக்கு வரும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த நான்தான் அன்றைக்கு அவன் வாயை அடைத்தேன்.

இது எனக்கு எப்படித் தெரியாமல் போயிற்று என்று கேட்பீர்கள். எங்களுக்குச் சொந்த நிலமும் இல்லை, களமும் இல்லை. பெரிய குவியலை அளக்கும்போது எங்கள் தெருப் பிள்ளைகளை விரட்டிவிடுவார்கள். கடைசியில் கூலியாக எங்கள் துணியில் ஒரு மரக்கால் விழும். "லாபம்" என்று கூவிக் கொட்டுவார்கள். அதோடு முடிந்தது, ரெண்டாவது கிடையாது. எட்டு வயதில் ஹாஸ்டலுக்குப் போய்விட்டேன். லாபத்துக்கு அடுத்தது என்ன என்று எனக்கு யாரும் அளந்து காட்டவில்லை.

சாயங்காலம் நைனாவிடம் கேட்டேன். "எனுக்குத் தெரியுமேடா" என்றார். "நான் மூட்டை தெச்சிகினு பக்கத்துலயேதானே நிப்பேன். நீ கேட்டியா? திருப்பதி வரிக்கும் போய்ப் படிச்சவன் என்னை எங்க கேக்கப் போறே."

கன்னியப்பனிடமும் கேட்டேன். "நான் சொல்றவன் ஐவாரே. கணக்கு வெக்கிறவன் வேற. களத்துல அப்பிடித்தான்" என்றார்.

கொட்டைகளைக் கேட்டோம்

மிச்சத்தைப் பிள்ளைகளே செய்தார்கள். இருபது சுற்றுக்குப் பத்தொன்பது கொட்டை விழுந்திருக்கிறது. அப்படியானால் முந்நூற்று முப்பத்திரண்டு கொட்டையையும் பத்தொன்பது பத்தொன்பதாகக் கூறு வைக்க வேண்டும். தரையில் உட்கார்ந்து வைத்தார்கள். பதினேழு கூறு. மிச்சம் ஒன்பது.

நாகம்மா ஒவ்வொரு கூறின் தலையிலும் ஒரு வெள்ளைக் கூழாங்கல்லை வைத்தாள். "இது அதோட லாபம்." பதினேழு கல் ஆனது. மிச்ச ஒன்பதின் தலையிலும் ஒரு கல் வைத்தாள்.

பதினெட்டு.

 அறையில் எழுந்த சத்தத்தில் கன்னியப்பனின் மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு போயின.

கொட்டைப் பையையும் கல்லையும் எடுத்துக்கொண்டு, கன்னியப்பனையும் அழைத்துக்கொண்டு புத்தூருக்குப் போனேன். இன்ஸ்பெக்டர் மேஜை மேலேயே கூறு வைத்துக் காட்டினேன். கன்னியப்பனை எண்ணச் சொன்னார். "லாபம், ரெண்டு, மூணு" என்றார் கன்னியப்பன். இன்ஸ்பெக்டர் நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தார். அவர் வீட்டுக் களத்திலும் அப்படித்தானாம்.

"நானும் காதால விண்டுகினேதான் வந்தேன். கொட்டை போட்டது சூடலை. சரே, இன்னொருதரம் அளக்கலாம். ஆனா நீ கையெழுத்துப் போட்டுட்டே. எதுக்குத் தப்பு வந்துச்சுன்னு எழுதிக் குடு."

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். "களத்தில் எங்கள் குடும்பத்துக்கு அளந்தது ஒரே மரக்கால் ஆகையால், லாபத்துக்கு அடுத்த எண்ணை நான் கேட்டதில்லை."

அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது பைலுக்கு வத்தப்பா, வேண்டாம்" என்றார். "'எண்ணிக்கையில் பிழை'ன்னு ரெண்டு வார்த்தை எழுது, போதும்." முதல் காகிதத்தை மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு சட்டப்படி எனக்கு ஒரு ரூபாய் அபராதமும் போட்டார்.

இரண்டாவது தரம்

இந்தத் தரம் நாகம்மா கையில் பை. கரும்பு வெட்டுகிறவர்கள் பதினான்கு பேர், முதலாளியிடம் அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் கூடவே வந்தார்கள். அவர்களில் ஒருவராகக் கையில் கத்தியோடு நைனாவும் நின்றார். சிவப்புத் துணி மண்ணைத் தொட்டதும், கன்னியப்பனுக்கு வாய்ப்பே கொடுக்காமல் மொத்த ஊரும் "லாபம்!" என்று கத்தியது. ஏரிக்கரை நெடுக அப்படியே. பதினோராவது இருபதில் கன்னியப்பன் கோபித்துக்கொண்டு கூவுவதையே நிறுத்திவிட்டார். "நீங்களே அளந்துக்கங்க. எனுக்கு இன்னாத்துக்கு தொண்டை?"

முந்நூற்றைம்பது. இன்ஸ்பெக்டர் நோட்டில் எழுதிக் கீழே கோடு போட்டார். பள்ளிக்கூடம் இருக்கும் என்று வாயாலும் சொன்னார். ஒரு கோலி சோடா குடித்துவிட்டுப் போனார்.

இப்போது எல்லைக்கோடும் போட்டாகிவிட்டது. எங்களுக்குத் தெற்கே சில ஊர்கள் சென்னைப் பக்கம் போயின. வேப்பங்குப்பம் ஆந்திராவிலேயே நின்றது. பள்ளிக்கூடம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. நாகம்மா நகரி ஹைஸ்கூலில் படிக்கிறாள்.

அளந்த மறுநாள் வகுப்பில் ஒரு கணக்குக் கொடுத்தேன். இந்தத் தப்புக்கு மொத்தம் எவ்வளவு செலவு? நாகம்மா போர்டில் எழுதினாள். இரண்டாவது தர வண்டி வாடகை இரண்டு ரூபாய். மாட்டுக்குப் பிண்ணாக்கு ஆறணா. சோடா இரண்டணா. அபராதம் ஒரு ரூபாய். அரை நாள் கூலி ஆளுக்கு ஆறணா.

"எத்தினி ஆளு?"

ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்த நைனா குரல் கொடுத்தார். "பதிமூணுன்னு எழுதும்மா. நான் சும்மா வேடிக்கை பாக்க வந்தேன்."

"கத்தி எடுத்துகினுதானே வந்தீங்க? அன்னிக்கு உங்களுக்குக் கூலி குடுத்தாங்களா?" என்று நாகம்மா கேட்டாள்.

"இல்ல."

"அப்போ எழுதலேன்னா கணக்கு தப்பு" என்று அவர் பக்கம் திரும்பாமலே சொல்லிவிட்டு, பதினான்கு என்று போட்டாள். பெருக்கினாள், கூட்டினாள், அடியில் இரண்டு கோடு இழுத்தாள்.

எட்டு ரூபாய் பன்னிரண்டு அணா.